நீச்சல் குளமும் ஃபிக்ஸட் டெபாசிட்டும்

வீட்டுக்குப் பின்னாடி நீச்சல் குளம் இருக்குன்னு சொன்னா, ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க என்னைப் பெரிய ஜமீன்தார்னு நினைச்சுக்கறாங்க. இங்க பீனிக்ஸ் பக்கம் வந்து பாருங்க மக்களே, எங்க தெருவுல பாதி வீட்டுக்கு மேல குளம் உண்டு. வெயில் அப்படி. நான் ஜமீன்தார் இல்லை, அந்தக் குளத்துக்கு வேலைக்காரன் :-)

அஞ்சாறு வருஷமா இந்த வேலை பாத்து ஒரு விஷயத்துல தீர்மானமா ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். குளோரின் எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாத்துட்டு "தண்ணி நல்லா இருக்கு"ன்னு சொல்றது தப்பு. ஸ்டெபிலைசர் எவ்வளவுன்னு தெரியாம குளோரின் நம்பருக்கு அர்த்தமே கிடையாது. அதோட, மாசக்கணக்கா டேப்லெட்டை மட்டும் நம்பிக் குளம் நடத்தறது கடன் வாங்கிக் குடும்பம் நடத்தற மாதிரி. நான் நடத்தி, மாட்டிக்கிட்டதால சொல்றேன்.

2019 கடைசியில இந்த வீட்டை வாங்கினோம். குளம் 15,000 கேலன், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 57,000 லிட்டர். பழைய ஓனர் ஒரு வாளி நிறைய குளோரின் டேப்லெட் வச்சுட்டுப் போயிருந்தார். மிதவையில வாரத்துக்கு மூணு போட்டா போதும்னு சொன்னார். ஆஹா, இவ்வளவு சுலபமான்னு இருந்துச்சு. 2020 ஆகஸ்ட்ல லாரா புயலப்போ லூசியானாவுல, லேக் சார்ல்ஸ் பக்கத்துல இருந்த டேப்லெட் ஆலை தீப்பிடிச்சு எரிஞ்சுது. அடுத்த வருஷம் டேப்லெட்டுக்கு ஏகத் தட்டுப்பாடு. நானும் அலைஞ்சு திரிஞ்சு, கேட்ட விலை கொடுத்து ரெண்டு வாளி வாங்கித் தங்கம் மாதிரி பதுக்கி வச்சேன்.

2021 மே மாசம். மகளுக்குப் பிறந்தநாள். ஒரு வருஷமா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்த பசங்க, ஒன்பது பேர் சனிக்கிழமை குளத்துக்கு வர்றதா ஏற்பாடு. புதன்கிழமையே தண்ணி கலங்க ஆரம்பிச்சிடுச்சு. பேப்பர் ஸ்ட்ரிப்பை நனைச்சுப் பாத்தா குளோரின் 3. சரியாத்தானே இருக்கு? ஒரு பாட்டில்ல தண்ணியைப் பிடிச்சு கடைக்குக் கொண்டு போனேன். அவங்களும் "குளோரின் ஓகே"ன்னு சொல்லி, பாசிக்கு ஒண்ணு, கலங்கலுக்கு ஒண்ணுன்னு நூறு டாலருக்கு மேல என் தலையில கட்டினாங்க.

சனிக்கிழமை காலையில தண்ணி மோர் மாதிரி இருந்துச்சு. தங்கமணி ஒண்ணும் பேசலை. பசங்க முங்கி எடுக்கற கலர் வளையம் ஒண்ணை ஆழமான பக்கம் போட்டாங்க. ரெண்டடி இறங்கினதும் காணோம்.

"ஆழம் இல்லாத பக்கமே விளையாடட்டும், நான் பாத்துக்கறேன்"னேன்.

"வளையமே தெரியலைங்க. ஒரு புள்ள உள்ள போனா எப்படிப் பாப்பீங்க?"

பதில் இல்லை. ஒன்பது வீட்டுக்கும் போன் பண்ணி வரவேண்டாம்னு சொன்னோம். மக ரூம் கதவைச் சாத்திக்கிட்டா. அடி தெரியாத குளத்துல குழந்தை மூழ்கினா மேல நிக்கறவனுக்குத் தெரியாது. இத்தனை நாளா நான் இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயம்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

சரி, என்னதான் ஆச்சு? சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கி நானே உக்காந்தேன். ஸ்டெபிலைசர் டெஸ்ட் ரொம்ப எளிது. தண்ணியில மருந்தைக் கலந்தா கலங்கும். அடியில கறுப்புப் புள்ளி வச்ச குழாய்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும், புள்ளி எந்தக் கோட்டுல மறையுதோ அதுதான் அளவு. எனக்கு 100 கோட்டுக்கு வர்றதுக்குள்ளயே மறைஞ்சிடுச்சு. பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணி கலந்து திரும்பப் பாத்தா 70. அப்படின்னா நிஜ அளவு 140! இருக்க வேண்டியது 30லேர்ந்து 50 வரைக்கும்.

ஸ்டெபிலைசர்னா சயனூரிக் அமிலம். வெயில்ல குளோரின் சீக்கிரம் அழிஞ்சு போகும், அதை இது பிடிச்சு வச்சுக் காப்பாத்தும். நம்ம ஊர் பாஷையில சொன்னா ஃபிக்ஸட் டெபாசிட். பணம் பத்திரமா இருக்கும், ஆனா கையில இருக்காது. பாசியையும் கிருமியையும் கொல்றது கையில இருக்கற காசு. டெஸ்ட்ல தெரியற "ஃப்ரீ குளோரின்" ரெண்டையும் சேர்த்துக் காட்டற பாஸ்புக். டெபாசிட்லேர்ந்து காசு வரும்தான். ஆனா ஸ்டெபிலைசர் ஏற ஏற, ஒரு நேரத்துல கையில இருக்கறது குறைஞ்சுக்கிட்டே போகும். என் பாஸ்புக்ல 3 இருந்துச்சு, கையில சில்லறைதான். இது இன்னிக்கு நேத்து கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. ஓ'பிரையன், மாரிஸ், பட்லர்னு மூணு பேர் இந்தக் கணக்கை 1974லயே எழுதிட்டாங்க.

வீட்டுக் குளத்துக்கு நான் வச்சிருக்கற கணக்கு: ஸ்டெபிலைசர்ல 7.5 சதவீதத்துக்குக் கீழ குளோரின் இறங்கக் கூடாது. 40 இருந்தா 3 போதும். 140 இருந்தா 10க்கு மேல வேணும். அதே 3, ஒரு குளத்துல பாஸ், இன்னொண்ணுல ஃபெயில்.

அது எப்படி 140 ஆச்சு? டேப்லெட்தான். டேப்லெட்னா டிரைகுளோர், குளோரினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்த சரக்கு. அது குளோரினை 10 பி.பி.எம். ஏத்தினா கூடவே ஸ்டெபிலைசரை 6 ஏத்தும். என் குளத்துல வாரம் மூணு டேப்லெட்னா வாரத்துக்கு ஆறு ஆறரை ஏறும். மூணு மாசத்துல 80! குளோரின் செலவாகிடும், ஸ்டெபிலைசர் அங்கேயே தங்கிடும். இங்க வெயில்ல தண்ணி ஆவியாகி நாம திரும்ப நிரப்பறோமே, அப்பவும் அது போகாது. ஆவியா போறது தண்ணி மட்டும்தான்.

"பத்து வருஷமா டேப்லெட்தான் போடறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். அவர் இருக்கறது வடக்கே, பனி பெய்யற ஊர். வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு முன்னாடி குளத்துத் தண்ணியைக் கொஞ்சம் இறக்கறார், அப்புறம் மழையும் பனியும் நிரப்புது. அவர் கடன் தானா அடையுது. பாலைவனத்துல அடையாது.

அடைக்க ஒரு வழி, தண்ணியை மாத்தறது. ரெண்டு வார இறுதியில பாதிப் பாதியா இறைச்சேன். 140, 70 ஆகி 35 ஆச்சு. மொத்தம் ஒரு குளம் தண்ணி சாக்கடைக்குப் போச்சு. 2019 கோடையில சென்னையில அம்மா 12,000 லிட்டர் லாரிக்கு நாள் கணக்குல காத்திருந்தாங்க. நான் இங்க பாலைவனத்துல கிட்டத்தட்ட அஞ்சு லாரித் தண்ணியைக் கொட்டினேன். அம்மாகிட்ட சொல்லலை.

அதுக்கப்புறம் திரவ குளோரின்தான். 10 சதவீதம் உள்ளது அரை கேலன் ஊத்தினா என் குளத்துல 3 ஏறும். அதுல சேர்றது உப்பு மட்டும்தான், ஸ்டெபிலைசர் துளி கிடையாது. கோடையில தினம் சாயந்திரம் ஊத்தணும், அஞ்சு நிமிஷ வேலை.

அதுக்காக ஸ்டெபிலைசரே வேண்டாம்னு போயிடாதீங்க. என் கதையைக் கேட்டுட்டு பக்கத்துத் தெரு நண்பர் ஒருத்தர் தண்ணி மாத்தி, ஸ்டெபிலைசர் போடாமலே விட்டார். காலையில 4 இருந்த குளோரின் மத்தியானம் பூஜ்ஜியம்! நானும் டேப்லெட்டை மொத்தமா ஒதுக்கலை, பத்து நாள் ஊருக்குப் போனா மிதவையில போட்டுட்டுத்தான் போறேன். அவசரத்துக்குக் கடன் வாங்கலாம், எவ்வளவுன்னு தெரிஞ்சு வாங்கணும். அந்த டேப்லெட் வாளி மேல "இத்தனை போட்டா ஸ்டெபிலைசர் இவ்வளவு ஏறும்"னு கொட்டை எழுத்துல போட்டா என்ன குறைஞ்சு போகும்? அதுதான் என் ஆதங்கம்.

2022ல பிறந்தநாள் நடந்துச்சு, குளத்துலயேதான். பசங்க வர்றதுக்கு முன்னாடி தங்கமணி வளையத்தை ஆழத்துல போட்டாங்க. எட்டடிக்குக் கீழ சிவப்பா பளிச்சுன்னு தெரிஞ்சுது. இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுல கடைசி டெஸ்ட் அதுதான்.

பி.கு.: டேப்லெட்டையும் திரவ குளோரினையும், இல்லை கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடரையும் ஒரே பாத்திரத்துலயோ மிதவையிலயோ கலக்கவே கலக்காதீங்க. தீப்பிடிக்கும், வெடிக்கும். பி.ஹெச். குறைக்கற ஆசிட்டும் அப்படித்தான், குளோரின்கிட்டயே கொண்டு போகக் கூடாது, விஷ வாயு வரும். அளவுக் குவளைகூட தனித்தனியா வச்சுக்குங்க.