அந்த மங்கலையும் சேர்த்துத் தாங்கோ

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வந்த வீட்டுக் கொம்பியூட்டர்களுக்கு இப்பவும் புதுசு புதுசாக சேர்க்கிட் போர்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. கொமடோர் 64, ஸ்பெக்ட்ரம், அட்டாரி, அப்பிள் 2 என்று எதை எடுத்தாலும், மூடியைக் கழற்றி உள்ளே ஒரு சின்னப் போர்டைப் பொருத்தினால் நாற்பது வருசப் பழசு இன்றைய திரையில் பளிச்சென்று தெரியும். இவற்றில் பலதைச் செய்பவர்கள் ஆர்வத்தில் வீட்டு மேசையில் இருந்து வேலை செய்கிற தனி ஆட்கள். அவர்களில் எங்களுக்கு மரியாதை உண்டு. எங்கட சண்டை 'தெளிவு' என்ற சொல்லோடதான். போர்டைப் போட முதல் ஒரு படம், போட்ட பிறகு ஒரு படம், "பாருங்கோ எவ்வளவு கிளியர்!" அதோடு கதை முடிந்துவிடுகிறது. அவ்வளவு லேசில் முடியக்கூடாது என்று நினைக்கிறோம்.

ஏதோவொரு உதவி தேவை என்பதில் சந்தேகமில்லை. இந்த மெசின்களில் பலதுக்குத் திரை என்றால் வீட்டு ரீவிதான். 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம், தன்ர படத்தை ஒரு ரீவி சனல் மாதிரி மாற்றி அன்டனாக் குழியால் அனுப்பும். ரீவி அதைத் திரும்பப் பிரித்தெடுக்கும். இந்த ஏத்தி இறக்கலிலேயே படம் பாதி கரைந்துவிடும். புது ரீவியில் வேறு தலையிடி. பழைய மெசின்கள் பல ஒவ்வொரு முறையும் அதே கோடுகளின் மேலேயே வரைந்துகொண்டு போகும். புது ரீவிகள் பல, வருவது ஒன்றுவிட்டு ஒன்று வரைகிற சாதாரண ஒளிபரப்பு என்று எண்ணி, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகப் பின்னிவிடும். மின்னி மின்னித் தெரியவேண்டிய உருவம் கோடுகோடாகக் கிழிந்து நிற்கும். "குழாய் ரீவியில்தான் பார்க்கவேணும்" என்று அடம்பிடிக்கிறவர்கள், கையிலிருக்கிற குழாய் ரீவி பழுதானால் அடுத்தது எங்கே வாங்கலாம் என்றும் சொல்லவேணும்.

சில போர்டுகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கொமடோர் 64இன் படத்தில் மெல்லிய நெடுங்கோடுகள் தெரியும். உள்ளே ஓடுகிற வேறு சமிக்ஞைகள் படத்துக்குள் கசிவதால் வருகிறவை அவை. லூமாஃபிக்ஸ்64 என்ற போர்ட் வீடியோ சிப்புக்கும் அதன் சொக்கெட்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு, அதே சமிக்ஞைகளைத் தலைகீழாக்கிக் கலந்து அந்தக் கசிவை அடித்துவிடும். அந்தக் கோடுகளை எந்த விளையாட்டுக்காரரும் வேணுமென்று வரையவில்லை. போகட்டும்.

அப்பிள் 2க்கு வந்தால் விசயம் சிக்கல். 1977இல் வந்த இந்த மெசினின் உயர்தெளிவு முறையில் 280க்கு 192 புள்ளிகள். நினைவகத்தில் புள்ளி இருக்கா இல்லையா என்பது மட்டும்தான் பதிந்திருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. அப்ப நிறம் எங்கிருந்து வந்தது? ஸ்டீவ் வொஸ்னியாக், புள்ளிகள் வெளியே போகிற வேகத்தை அமெரிக்காவின் என்ரிஎஸ்சி ரீவி முறையின் நிற அலையைவிடச் சரியாக இரண்டு மடங்காக வைத்தார். அந்த நிற அலை செக்கனுக்கு ஏறக்குறைய 35.8 இலட்சம் தரம் ஆடுவது. ஒன்றுவிட்டு ஒன்று புள்ளி வைத்தால் வருகிற அலையும் அதே வேகத்தில் ஆடும். ரீவி அதை நிறமென்று நம்பிவிடும்! இரட்டை இடங்களில் வைத்தால் ஊதா, ஒற்றை இடங்களில் வைத்தால் பச்சை. ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிற் புள்ளிகளுக்கு. மிச்சமிருக்கிற எட்டாவது பிற் அந்தப் புள்ளிகளை அரை இடம் தள்ளிவிடும். உடனே ஊதா நீலமாகும், பச்சை செம்மஞ்சளாகும். கறுப்பும் வெள்ளையும் சேர்த்து 6 நிறம். ரீவியின் ஏமாளித்தனத்தை வைத்தே வர்ணம் பூசியிருக்கிறார் மனுசன்.

இப்ப ஒரு போர்ட் அந்தப் புள்ளிகளைச் சுத்தமாக எடுத்து, ஒரு துளி சிந்தாமல் எச்டிஎம்ஐயில் தந்தால் என்ன வரும்? பச்சைப் புல்வெளி இருந்த இடத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் வரும். மெசினுக்குள் இருந்தது அவ்வளவுதான். புல்வெளி, மெசினுக்கும் ரீவிக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது.

அதுவும் எல்லா ஊரிலும் இருக்கவில்லை. ஐரோப்பாவுக்கென்று விட்ட அப்பிள் 2 யூரோபிளஸ், பால் முறை ரீவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும் (குடிக்கிற பால் இல்லை, எங்கட இலங்கை ரீவியும் அதே பால் முறைதான்). நிறம் வேணுமென்றால் தனியாக ஒரு அட்டை வாங்கிச் செருகவேணும். அப்பவே போர்ட் வியாபாரம்!

தமிழ் படிக்கிற எங்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஏட்டை அச்சாக்குகிற எவருக்கும் ஏட்டுக்கு ஏடு சொல் மாறி நிற்கும். நல்ல பதிப்பாசிரியர் ஒன்றைத் தெரிவுசெய்து மேலே போட்டு, மற்றதைப் பாடபேதமென்று அடியில் தருவார். வீடியோ போர்ட் செய்கிறவரும் எங்கட பார்வையில் ஒரு பதிப்பாசிரியர்தான். எது படம், எது பழுது என்று அவர் முடிவெடுக்கிறார். பீபீசி மைக்ரோவுக்காகத் தொடங்கின ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ என்ற திறந்த திட்டம் ராஸ்பெரி பை ஸீரோவை வைத்து வேலை செய்வது. அதன் மெனுவில், அமெரிக்க ரீவி ஏமாந்து காட்டின நிறங்களைத் தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் நிறுத்தலாம். இதைத்தான் பாடபேதம் தந்த பதிப்பு என்கிறோம்.

இன்னொரு வகை, பழைய சிப்பின் வேலையையே பொறுப்பெடுக்கும் போர்டுகள். எஃப்18ஏ, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்9918ஏ சிப்பைக் கழற்றிவிட்டு அதே சொக்கெட்டில் உட்காரும். பழைய சிப் ஒரு கோட்டில் 4 உருவங்களுக்கு மேல் காட்டாது, ஐந்தாவது மறைந்துவிடும். புதுப் போர்ட் 32ஐயும் காட்டக்கூடியது. நல்ல விசயம் போலத்தான் இருக்கும், அந்த மறைவையே தந்திரமாகப் பாவித்து உருவத்தை ஒளித்துவைத்த விளையாட்டுகளைப் போட்டுப் பார்க்கும்வரை. எஃப்18ஏ செய்தவர் பழைய எல்லைக்குத் திரும்பவும் வழி வைத்திருக்கிறார், அது பெரிய மனசு. அட்டாரிக்கு வந்த விபிஎக்ஸ்ஈ இன்னும் தூரம் போகிறது: 64 கேபி நினைவகமுள்ள 800எக்ஸ்எல்லுக்குள் படத்துக்கென்று மட்டும் 512 கேபி. அதில் புதுசாக எழுதுகிற விளையாட்டுகள் வடிவாக இருக்கலாம், விளையாடவும் ஆசைதான். ஆனால் "அட்டாரியின் படம்" என்று அதைக் காட்டாதேங்கோ. அது புதுக் கவிதை, பழைய ஏடு இல்லை.

நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. திரும்பக் கழற்றக்கூடிய போர்டாக இருக்கட்டும். எச்டிஎம்ஐ ஓட்டைக்காக நாற்பது வருசம் தப்பின பிளாஸ்டிக் உடலை வெட்டாதேங்கோ; அந்த உடலைத் திரும்ப ஒட்டுவதற்குப் போர்ட் கிடையாது. படம் போடும்போது எந்த ரீவி முறையில் எடுத்தது என்றும் ஒரு வரி எழுதுங்கோ.

எங்களில் பெரும்பாலானோர் இந்த மெசின்களைத் தொட்டதுமில்லை, எமுலேட்டரில்தான் பழக்கம். அங்கேயும் இதே தெரிவு இருக்கு, ஒருத்தரும் அந்த மெனுவுக்குப் போவதில்லை. ஒரு அப்பிள் 2 எமுலேட்டரில் நிறமுள்ள ஏதாவது விளையாட்டைத் திறந்து, வண்ணத் திரை என்றிருப்பதை ஒற்றை நிறத்துக்கு மாற்றிப் பாருங்கோ. புல்வெளி அப்படியே கோடுகளாகிவிடும். பிறகு திரும்ப வண்ணத்துக்குப் போட்டுவிட்டு விளையாடுங்கோ.