கனவுப் படத்தைக் கழற்றுங்கள், கலண்டரை மாட்டுங்கள்

ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் வயதுக்காரரிடையே ஒரு சடங்கு நடக்கிறது. டொலராமாவில் பெரிய மட்டை ஒன்று வாங்குகிறோம். பின்டரெஸ்டில் இருந்து படங்கள் இறக்குகிறோம். மார்க்கத்தில் ஒரு தனி வீடு, வாசலில் டெஸ்லா, கிரேக்கத் தீவுக் கடற்கரை, தட்டையான வயிறு, பே ஸ்ட்ரீட்டில் கண்ணாடி அலுவலகம். வெட்டி ஒட்டி, அதைப் படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போட்டுவிட்டு, கட்டிலுக்கு மேலே மாட்டுகிறோம். இதற்குப் பெயர் விஷன் போர்ட். காசு வாங்கிக்கொண்டு இதைச் சொல்லிக்கொடுக்கும் பட்டறைகள்கூட இருக்கின்றன.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்தப் போர்ட் உங்களுக்கு உதவாது. சிலருக்கு அது கெடுதலும் செய்கிறது. திட்டத்தைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருப்பதை நான் எதிர்க்கவில்லை. அது மிக நல்ல பழக்கம். ஆனால் எதைக் கண்ணுக்கு முன்னால் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போய்ச்சேரும் இடத்தை வைத்தால் மனம் அங்கேயே போய்க் குந்திவிடும். இன்றைய வேலையை வைத்தால்தான் கால் நகரும்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

லீன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பரீட்சைக்குக் காத்திருந்த பல்கலைக்கழக மாணவர்களில் ஒரு பகுதியினரை, நல்ல புள்ளி கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை, தாங்கள் எங்கே எப்படி இருந்து படிக்கிறோம் என்பதைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் கூடப் படித்தார்கள், கூடப் புள்ளி எடுத்தார்கள். அவர்களின் திட்டமிடல் கூடியது, பதற்றம் குறைந்தது. புள்ளியை மட்டும் கற்பனை செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

காப்ரியேல எட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதே விஷயத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். பட்டம் முடித்து வேலை தேடும் மாணவர்களை அவர் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அருமையான வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிய கனவு கண்டவர்கள், இரண்டு ஆண்டுகளின் பின் பார்த்தால், குறைவான இடங்களுக்கே விண்ணப்பித்திருந்தார்கள். வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. 2011இல் ஹெதர் காப்பஸ் என்பவருடன் சேர்ந்து செய்த ஆய்வில், இனிய கற்பனைக்குப் பிறகு மனிதரின் உடலில் உற்சாகம் இறங்கிப்போவதை இரத்த அழுத்தத்தை அளந்தே காட்டினார். கிடைத்துவிட்டது என்று நம்பும் உடம்பு ஓய்வெடுக்கத் தொடங்குகிறது. கட்டிலுக்கு மேலே நீங்கள் மாட்டியிருப்பது ஒரு தாலாட்டு.

இது எங்கிருந்து வந்தது என்பதையும் பார்ப்போம். 2006இல் ரொண்டா பேர்ன் என்பவர் "த சீக்ரெட்" என்று முதலில் ஒரு படமும் பிறகு ஒரு புத்தகமும் வெளியிட்டார். நீ எதை நினைக்கிறாயோ அதை இந்தப் பிரபஞ்சம் உன்னிடம் கொண்டுவரும் என்பது அதன் சாரம். விஷன் போர்ட் இந்த அளவுக்குப் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். டிக்டொக்கில் இன்றைக்கு "மேனிஃபெஸ்ட்" செய்யச் சொல்பவர்கள் விற்பதும் அதே சரக்குத்தான்.

மற்றவர்கள் இதை நம்பிவிட்டுப் போகட்டும். நாங்கள் எப்படி நம்பலாம்? நல்லதை நினைத்தால் நல்லது வரும் என்றால், கெட்டது வந்தவன் கெட்டதை நினைத்தான் என்றுதானே பொருள்? 1983 ஜூலையில் கொழும்பில் வீடு எரிந்தவர்கள் எதை நினைத்துக்கொண்டிருந்தார்கள்? 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அந்தப் படகில் இருந்தவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். எங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாழ்க்கையே இந்தத் தத்துவத்துக்கு மறுப்பு. அதைச் சுவரில் மாட்டுவது அவர்களை அவமதிப்பது.

உங்களுக்கும் அது நியாயம் செய்வதில்லை. டிசம்பர் வரும்போது அந்த மட்டையில் இருக்கும் எதுவும் கையில் இருக்காது. கோ-ஒப் வேலை கிடைத்திருக்காது, ஓசாப் கடன் அப்படியே இருக்கும். அப்போது அந்தப் போர்ட் உங்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: நீ போதிய அளவு நம்பவில்லை. எந்த இடத்தில் பிழைத்தது, எதை மாற்றலாம் என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெறும் குற்ற உணர்ச்சியோடு அடுத்த ஜனவரிக்குப் புது மட்டை வாங்குவீர்கள்.

சரி, என்ன செய்வது? உங்கள் வீட்டுக் குசினிச் சுவரைப் பாருங்கள்.

ஸ்காபரோவில் தமிழ்க் கடைகள் வருட முடிவில் இலவசமாக ஒரு கலண்டர் தருமே, கடையின் பெயரும் சாமி படமும் நல்ல நேரமும் போட்டது? எத்தனையோ வீடுகளில் அம்மா அதில்தான் குடும்பத்தை நடத்தியிருக்கிறார். அப்பாவின் இரவு ஷிஃப்ட் ஒரு நிறத்தில். வாடகை நாள் ஒரு வட்டம். பல் வைத்தியரிடம் போகும் நாள், தமிழ் வகுப்பு, மாமாவுக்கு ஸ்பொன்சர் பத்திரம் அனுப்பவேண்டிய கடைசித் திகதி. முக்கியமாக, சீட்டுக்குக் காசு கொடுக்கும் நாள். 20 பேர், மாதம் 500 டொலர். முறை வரும்போது 10,000 டொலர் மொத்தமாகக் கையில் வரும். அப்படி வந்த காசில் எத்தனை வீட்டுக்கு முற்பணம் கட்டினார்கள், எத்தனை பேரை இங்கே கூப்பிட்டார்கள்!

அந்தக் கலண்டரில் வீட்டின் படம் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்து என்ன, எப்போது, யார் என்பது மட்டும்தான் இருந்தது. வீடு வந்தது.

ஆராய்ச்சியும் அம்மாவின் பக்கம்தான் நிற்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் ஒரு சின்ன வேலை கொடுத்தார். கிறிஸ்மஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பவேண்டும். எங்கே, எப்போது எழுதுவேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் எழுதி முடித்தார்கள். எழுதவேண்டும் என்று மட்டும் எண்ணியிருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் முடித்தார்கள். நாள், இடம், நேரம். கலண்டர் கேட்பதும் அதைத்தான்.

வேலைக்கும் படிப்புக்கும் இன்னொரு கருவி இருக்கிறது: கன்பான். ஜப்பானிய மொழியில் அதற்குப் பெயர்ப்பலகை என்று அர்த்தம். 1950களில் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்ற பொறியியலாளர் வளர்த்தெடுத்த முறை. அமெரிக்க சுப்பர்மார்க்கெட்டில் தட்டில் இருந்து சாமான் எடுபட்ட பிறகுதான் அந்த இடத்தை நிரப்புகிறார்கள் என்பதில் இருந்து அவருக்கு அந்த யோசனை வந்தது. தேவைக்கு முன்னால் குவிக்காதே என்பது அதன் அடிப்படை. 2011இல் வந்த ட்ரெல்லோ செயலி இந்தப் பலகையின் ஓர் எளிய வடிவத்தை எங்கள் ஃபோனுக்குக் கொண்டுவந்தது.

ஃபோன்கூடத் தேவையில்லை. சுவரில் மூன்று நிரல்கள் போடுங்கள்: செய்யவேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்டிக்கி நோட். "நல்ல வேலை எடுப்பது" என்று எழுதாதீர்கள், அது ஆசை. "ரெசுமேயின் இரண்டாம் பகுதியைத் திருத்துவது" என்று எழுதுங்கள். ஒரே இருப்பில் முடிக்கக்கூடியதாக இருந்தால்தான் அது வேலை. நடு நிரலில் மூன்று நோட்டுக்கு மேல் வைக்கவே கூடாது. நாலாவது வரவேண்டுமென்றால் ஒன்று முடியவேண்டும், அல்லது திரும்பிப் போகவேண்டும். இந்த எல்லைதான் கன்பானின் உயிர். அதை விட்டால் அது வெறும் வர்ணக் கடதாசி.

அந்த எல்லை எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். எங்கள் நாளில் பாதி வேலை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அம்மம்மாவோடு டொக்டரிடம் போய் மொழிபெயர்ப்பது. அப்பாவுக்கு வந்த அரசாங்கக் கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்துவது. தம்பியைக் கராத்தேக்கு ஏற்றி இறக்குவது. கலைவிழாவுக்குக் கதிரை அடுக்குவது. வீட்டில் பெண் பிள்ளை என்றால் இதில் பெரும்பகுதி அவள் தலையில்தான். பிறகு புள்ளி குறைந்தால், "ஃபோனையே பார்த்துக்கொண்டிரு" என்று ஏச்சு.

அவற்றையும் நோட்டில் எழுதி நடு நிரலில் ஒட்டுங்கள். அம்மம்மாவின் டொக்டர் ஒரு நோட். கடிதம் ஒரு நோட். கலைவிழா ஒரு நோட். இடம் முடிந்துவிட்டது. பரீட்சைப் படிப்பு வெளியே நிற்கிறது. இப்போது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். "என்னால முடியாது" என்று சொன்னால் எங்கள் வீடுகளில் அது மரியாதைக்குறைவு. "அம்மா, இதில எதைக் கழட்டட்டும், நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டால் அது கணக்கு. கலண்டரில் குடும்பம் நடத்திய மனிசிக்கு அந்தக் கணக்கு விளங்கும். எல்லா வீட்டிலும் முதல் நாளே விளங்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத பாரத்தைப் பற்றி யாரோடும் பேசமுடியாது. தெரிந்த பிறகாவது பேசலாம்.

விஷன் போர்ட்காரரின் பக்கத்தையும் கேட்போம். "படத்தைப் பார்த்தால் உற்சாகம் வருகிறது" என்கிறார்கள். வரலாம். அந்த உற்சாகத்துக்கு எட்டிங்கன் ஒரு வழி சொல்கிறார்: ஆசையை நினை, உடனே அதற்குக் குறுக்கே நிற்கும் தடையை நினை, தடை வந்தால் என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுது. ஆகவே படம் இல்லாமல் முடியாது என்றால் ஒரே ஒரு படம் வையுங்கள். பக்கத்திலேயே தடையை எழுதுங்கள். "கிழமை நாட்களில் வேலை முடிந்து வர எட்டு மணி, களைப்பு." அதற்குக் கீழே: "களைப்பாக இருந்தால், பஸ்ஸில் இருக்கும் அரை மணி நேரத்தில் குறிப்பை ஒருமுறை வாசிப்பேன்." இந்த இரண்டு வரியும் எழுதக் கூச்சமாக இருக்கிறதா? அப்படியென்றால் அந்தப் படம் உங்கள் இலக்கு இல்லை. மற்றவர்கள் பார்ப்பதற்காக ஒட்டியது.

"பெரிய கனவு காணாதே என்கிறாயா?" என்று சிலர் கோபிப்பார்கள். இல்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைப்பது சின்னக் கனவா? 2018இல் அதற்கு நிதி சேர்க்கத் தொடங்கினார்கள். இலக்கு 30 இலட்சம் டொலர். 2021இல் எட்டினார்கள். அந்தக் கனவுக்கு ஒரு எண் இருந்தது. எவ்வளவு வந்தது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று எவரும் கேட்கக்கூடிய எண். பெரிய தொகை கொடுத்தவர்களும் இருந்தார்கள், சின்னத் தொகை கொடுத்தவர்களும் இருந்தார்கள். பெரிய கனவுக்கு மரியாதை செய்வது என்றால் அதை இப்படி அளந்து, பிரித்து, நாளுக்கு நாள் குறைப்பதுதான்.

கடைசியாக ஒரு நடைமுறைப் புத்தி. பலகையை வரவேற்பறையில் மாட்டாதீர்கள். வீட்டுக்கு வரும் பெரியம்மாக்கள் அதை வாசித்து அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினால், அடுத்த நாளே நீங்கள் அவர்களுக்காக நோட் எழுதத் தொடங்குவீர்கள். அலுமாரிக் கதவின் உள்பக்கம் போதும். ஞாயிறு இரவு பத்து நிமிடம் அதன் முன்னால் நில்லுங்கள். முடிந்ததைக் கழட்டி ஒரு கவருக்குள் போடுங்கள். மூன்று கிழமையாக அசையாத நோட் இருந்தால் இரண்டாகக் கிழித்து, சின்ன வேலையாக எழுதுங்கள்.

மாத முடிவில் அந்தக் கவரை எண்ணுங்கள். அதில் இருப்பது முழுக்க உங்கள் கை செய்தது. பிரபஞ்சத்துக்கு அதில் பங்கு கிடையாது.