கழுத்துவரை நிரப்பாத போத்தல்



சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பங்கு மண்டபத்தில் அன்னையர் சிலர் ஒன்றுகூடி, ஆலயத் திருத்த வேலைகளுக்கு நிதி சேர்க்கவென விளாம்பழ ஜாம் காய்ச்சினார்கள். அவ்வேலையை முன்நின்று நடத்திய வயதான அருட்சகோதரி, ஒவ்வொரு போத்தலிலும் விளிம்பிற்குக் கீழே கால் அங்குலம் வெறுமையாக விடவேண்டும் என்று கண்டிப்பாகக் கூறியிருந்தார். ஒரு தாய்க்கு அது பொறுக்கவில்லை. என்னிடம் வந்து, "பாதர், காசு வாங்கிக்கொண்டு போத்தலைக் குறைத்துக் கொடுக்கிறது பாவமில்லையா? அமுக்கிக் குலுக்கி, சரிந்து விழுமளவுக்குக் கொடுக்கிறதைப் பற்றித்தானே ஆண்டவர் சொன்னவர்?" என்று கேட்டார்.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற எனக்கு அவ்வேளை விடை தெரியவில்லை. அருட்சகோதரிதான் விளக்கினார். மூடிய போத்தலைக் கொதிநீரில் வைக்கும்போது உள்ளிருப்பது விரிகிறது. மேலே உள்ள காற்றும் விரிந்து, மூடியின் ஓரத்தால் வெளியேறுகிறது. போத்தல் ஆறும்போது உள்ளே எஞ்சிய நீராவி நீராகி, அவ்விடத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அப்போது வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. போத்தலை இறுக்கமாக மூடுவது எமது கைப்பலம் அன்று, நாம் விட்ட அந்தக் கால் அங்குலமே. பாகில் இடும் பழத்துண்டுகளுக்கு அரை அங்குலம் விடவேண்டுமாம். இறைச்சி, மீன் போன்றவற்றிற்கு ஓர் அங்குலம். அவற்றிற்குக் கொதிநீர் போதாது, அழுத்தக் கலனில் வைத்தே சூடாக்க வேண்டும்.

அந்தத் தாய் முழுமையாக நம்பவில்லை. எவரும் காணாதபடி இரண்டு போத்தல்களை விளிம்புவரை நிரப்பிவிட்டார். கொதிநீரில் ஜாம் பொங்கி, கண்ணாடி விளிம்பிற்கும் மூடிக்கும் இடையே ஒட்டிக்கொண்டது; மூடி பிடிக்கவில்லை. சில வாரங்களில் அவ்விரண்டிலும் மட்டும் பூஞ்சணம் படர்ந்தது. பின்னர் அவரே சிரித்தபடி எனக்குச் சொன்னார். நல்ல மனத்தோடு செய்த தவறு அது. ஆதலால் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

உணவைக் கலனில் அடைத்துச் சூடாக்கிப் பாதுகாக்கும் முறையைக் கண்டறிந்த பிரான்ஸ் நாட்டவர் நிக்கோலா அப்பேர், 1810ஆம் ஆண்டில் அதற்காக 12,000 பிராங்க் பரிசு பெற்றார். அவர் விஞ்ஞானி அல்லர், இனிப்புப் பண்டம் செய்பவர். உணவு ஏன் கெடாமல் இருக்கின்றது என்பதை லூயி பாஸ்டர் விளக்குவதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. காரணம் அறியாமலே சரியாகச் செய்த கைகள் அவருடையவை. எமது பாட்டிமாரின் கைகளும் அத்தகையனவே.

உங்கள் சமையலறையில் நிற்கும் எரிவாயுக் கொள்கலனும் முழுமையாக நிரப்பப்படுவதில்லை. ஏறத்தாழ 80 வீதத்திற்குத்தான் அதில் திரவம் இருக்கும். வெப்பம் ஏறும்போது திரவம் விரிய இடமின்றேல், இரும்புச் சுவரும் தாங்காது.

ஆயினும் வெற்றிடம் கூடினாலும் தீதே. ஜாம் போத்தலில் அளவுக்கு மிஞ்சி இடம் விட்டால் காற்று முழுவதும் வெளியேறாது. மேற்பகுதி கறுத்துக் கெடும். ஒரு கைப்பிடிப் பண்டத்தை ஊதிப்பெருத்த பொதியில் அடைத்து விற்கும் வணிகரையும் நாம் அறிவோம். பண்டம் நொறுங்காதிருக்க ஓரளவு வாயு தேவைதான். ஆனால் அதற்கு மேலும் ஊதச்செய்து கண்ணை மயக்குவது, நிறை சரியாக அச்சிடப்பட்டிருந்தாலும், கள்ளத் தராசின் உடன்பிறப்பே என்பது என் கருத்து.

அப்படியாயின் ஆண்டவர் சொன்ன நிறை அளவை என்னாவது? அந்தத் தாயின் வினா பல நாள் என்னை விடவில்லை. லூக்கா நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்து வாசித்தேன். அங்கே அளந்து போடப்படுவது மடியில்! மடிக்கு மூடி இல்லை. அது பெறுபவரிடம் உடனே சேரும் கொடை. ஆனால் மூடிக் காக்கவேண்டிய திராட்சை இரசத்தைப் பற்றிப் பேசும்போது அதே ஆண்டவர் தோற்பையை நினைவூட்டுகிறார். புதிய இரசம் புளிக்கையில் காபனீரொட்சைட்டு வாயு எழும். இளகிக் கொடுக்கும் புதுத்தோல் அதற்கு இடம் தரும், உலர்ந்த பழந்தோல் வெடிக்கும். கொடுப்பது நிரம்பி வழியட்டும். காப்பதற்கு இடம் வேண்டும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் எவ்வகை? இன்றே எடுத்துச் செலவிட்டு முடிப்பதற்காகவா அவர்களை வளர்க்கின்றீர்கள்? விடியற்காலை ஒரு வகுப்பு, பாடசாலை, மாலையில் இரண்டு வகுப்புகள், சனிக்கிழமையும் அவ்வாறே. எஞ்சியிருந்த கால் அங்குலம் ஞாயிறு காலை. அதையும் ரியூசன் வகுப்பால் நிரப்பிவிட்டோம். பரீட்சையின் அச்சத்தை நான் அறியாதவன் அல்லன். போரிலும் இடப்பெயர்விலும் அனைத்தையும் இழந்த எமது மக்களுக்குக் கல்வியே எஞ்சிய முதுசம். ஆயினும் திருப்பலிக்கும் மறைக்கல்விக்கும் மட்டுமன்று, வெறுமனே முற்றத்தில் நிற்பதற்கும் நேரமற்ற பிள்ளைக்குச் சூடு ஏறும் நாளில் என்ன நேரும்? குருக்களாகிய எம்மிலும் குறையுண்டு. ஞாயிறு தோறும் கூட்டங்களையும் பயிற்சிகளையும் அடுக்கி, அதே போத்தலை நாமும்தான் நிரப்புகின்றோம்.

அண்மையில் ஒரு தாய் தம் மகனின் ஞாயிறு வகுப்பை நிறுத்தி, அவனை மறைக்கல்விக்கு அனுப்பினார். முதல் நாளே அவன் பின்வாங்கில் தலைசாய்த்து உறங்கிவிட்டான். எழுப்பவா என்று மறையாசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன்.