ஒரு டெராவா, ரெண்டு டெராவா?

லெப்டொப்பில் இடம் முடிந்து சிவப்புக் கோடு விழுந்தால் எங்கள் செட்டில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மச்சான், ஒரு டெரா போடுவமா, ரெண்டு டெரா போடுவமா?" கடைக்காரரிடம் கேட்டால், காசு இருந்தால் பெரியது, இல்லாவிட்டால் சின்னது என்பார். எங்கள் கட்சி வேறு. எத்தனை டெரா என்பதை விட எத்தனை பிரதி என்பதுதான் பெரிய விஷயம். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து கெம்பஸ் வந்த நமக்கு இது இன்னும் பெரிய விஷயம்.

நம் லெப்டொப்பில் கிடப்பது படமும் பாட்டும் மட்டுமா? ஆய்வுக்காக அப்பாயியைப் பேசவைத்துப் பதிவுசெய்த குரல், காமன்கூத்து வீடியோ, தகரப் பெட்டியைத் திறந்து போட்டோ பிடித்த பிறப்புச் சான்றிதழ், பழைய சம்பளத் துண்டு எல்லாமே அதற்குள்தான் இருக்கு. படத்தைத் திரும்ப இறக்கலாம். இவற்றை இறக்க எந்தத் தளமும் இல்லை. ஒரு காகிதத்தின் பெறுமதி என்னவென்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தரவும் தேவையில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிடம் கேட்டது, அப்பன், இல்லாவிட்டால் தாத்தனும் பூட்டனும், இங்கே பிறந்ததற்கான ஆதாரத்தைத்தான். அதைக் காட்ட முடியாமல் நாடற்றவர்களாய்ப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

சரி, கடைக்குப் போக முதல் லெப்டொப்பின் மொடல் இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள். உள்ளே இருப்பது 2.5 அங்குல டிஸ்க் வைக்கும் இடமா, எம்.2 ஸ்லொட்டா? 2.5 என்றால் தடிப்பையும் பாருங்கள், மெல்லிய லெப்டொப்களுக்குள் 7 மில்லிமீற்றர்தான் நுழையும். எம்.2 என்றால் சாட்டா வகையா, என்விஎம்ஈ வகையா என்று பாருங்கள். பார்வைக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான், ஆனால் ஒன்றின் ஸ்லொட்டில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். சில மலிவு மொடல்களில் சேமிப்பு மதர்போர்டோடு ஒட்டியே வரும், அதைக் கழற்றவே முடியாது. 1 டெரா வாங்கி விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீங்க. கம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

உள்ளே போடுவதற்கு எஸ்எஸ்டியே நல்லது. சுழலும் தட்டு இல்லாததால் பஸ் குலுக்கலுக்குப் பயமில்லை, பழைய லெப்டொப்பும் உயிர்பெற்று ஓடும். ஆனால் 2 டெராவுக்கு வைத்திருக்கும் காசு முழுவதையும் அதிலேயே கொட்ட வேண்டாம். 1 டெராவோ 512 ஜிபியோ போதும். மிஞ்சும் காசில் ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கி, கழற்றிய பழைய டிஸ்க்கை அதற்குள் போடுங்கள். டக் டக் சத்தம் வராத, பிழையில்லாத டிஸ்க்காக இருக்க வேணும். திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் அதில் கொப்பி பண்ணுங்கள். பழையதும் எஸ்எஸ்டி என்றால் வருடக்கணக்கில் செருகாமல் போட்டுவைக்கக் கூடாது, மின்சாரம் இல்லாமல் கிடந்தே உள்ளதை இழக்கக்கூடும்.

அந்த டிஸ்க்கும் லெப்டொப் பைக்குள்ளேயே கிடந்தால் அது பிரதியே இல்லை. லெப்டொப் போர்டிங்கில் என்றால் டிஸ்க் வீட்டில் இருக்கட்டும். 2016 மே மாதம் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண்சரிவு லயத்து ஆட்களையே மூடியது. 2003இலும் 2017இலும் இரத்தினபுரி வெள்ளத்தில் கிடந்தது. இப்படியான ஊர்களில் ஒரே இடத்தில் ஒரே டிஸ்க், அது எத்தனை டெராவாக இருந்தாலும், பாதுகாப்பே இல்லை.

"கூகுள் டிரைவ் இருக்கே?" என்பீர்கள். இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஆவணங்களுக்குப் போதும், கட்டாயம் போடுங்கள். ஆனால் ஒரு கூத்து வீடியோவை ஏற்ற எவ்வளவு டேட்டா போகும், தோட்டத்தில் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும்தானே.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்தே போயின. அது எல்லாருக்கும் தெரியும். அதே வருடம் ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களும் தாக்கப்பட்டன. லயத்துத் தகரப் பெட்டிக்கு நூலகம் மாதிரிப் பட்டியல் எதுவும் இல்லை, அதனால் என்னென்ன போனது என்று எண்ணிச் சொல்லவும் முடியாது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இன்று ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் யாரும் படிக்கக் கிடக்கின்றன. ஆனால் நம் வீட்டுப் பெட்டியில் இருப்பதை ஸ்கேன் பண்ண நாம்தான் முதலில் கையெடுக்க வேண்டும்.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்தப் பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கிட்டுப் போங்க. போனதும் முதல் வேலையாக அப்பாயியிடம் தகரப் பெட்டியின் சாவியைக் கேளுங்க.