பட்டம் கட்டுற பிள்ளைக்குச் சமச்சீர் விளங்காதா?

தரம் 7 கணிதப் பாடநூலைத் திறந்தால் முதல் பாடமே இருபுடைச் சமச்சீர்தான். புது வருட வகுப்பு வழமையாக ஜனவரியில் தொடங்கும். அதே ஜனவரியில்தான் வடமராட்சி வானம் முழுக்கப் பட்டம் நிக்கும். தைப்பொங்கல் அண்டு பின்னேரம் நெல்லியடிப் பக்கத்துச் சனமும் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்குப் பட்டப்போட்டி பாக்கக் கிளம்பிவிடும். பாடமும் பட்டமும் ஒரே மாதத்தில் வருது. ஆனால் ரெண்டும் ஒரே வகுப்பறைக்குள்ள சந்திக்கிறது அருமை. சந்திக்க வேணும் எண்டுறதுதான் எங்கட வாதம்.

இப்ப இந்தப் பாடம் பெரும்பாலும் எப்பிடிப் போகுது? பலகையில் நாலைஞ்சு உருவம், ஒவ்வொண்டுக்கும் நடுவால ஒரு புள்ளிக்கோடு. பிறகு ஒரு பட்டியல்: சதுரத்துக்கு 4 அச்சு, செவ்வகத்துக்கு 2, சமபக்க முக்கோணிக்கு 3, இணைகரத்துக்கு ஒண்டுமில்லை. பிள்ளையள் அதைப் பாடமாக்குவினம். சந்தியடி ரியூசனுக்குப் போனால் அதே பட்டியல் இன்னும் கொஞ்சம் வேகமாக வரும். தவணைப் பரீட்சையில் புள்ளியும் கிடைக்கும். பாடம் முடிஞ்சுது.

விளங்கிச்சுதா எண்டு பாக்க ஒரு கேள்வி போதும். மூலைவிட்டம் செவ்வகத்தை ரெண்டு சம முக்கோணிகளாகப் பிரிக்குதுதானே, பிறகு ஏன் அது சமச்சீர் அச்சு இல்லை? பட்டியலைப் பாடமாக்கின பிள்ளை இதில தடக்குப்படும். அதில பிள்ளையின்ர பிழை ஒண்டுமில்லை. 'சமச்சீர்' எண்ட சொல்லுக்குள்ளேயே 'சம' இருக்கிறபடியால், ரெண்டு பாதியும் அளவில சமமாக இருந்தால் போதும் எண்டு நினைக்கிறது இயல்பு. ஒரு கொப்பித் தாளைக் கிழிச்சு மூலைவிட்டத்தில் மடிக்கச் சொன்னால் அரை நிமிசத்தில் விளங்கிவிடும். பாதிகள் சமம்தான், ஆனால் ஒண்டுக்குமேல ஒண்டு பொருந்தாது. சமச்சீர் எண்டுறது கோடு இல்லை, ஒரு செயல். மடிச்சுப் பார், பொருந்துதா? திருப்பிப் பார், முந்தின மாதிரியே இருக்குதா? அந்தச் செயலைச் செய்ய விடாமல் கோட்டை மட்டும் கீறிக் காட்டினால், பாடத்தின்ர உயிரை எடுத்துப்போட்டு மிச்சத்தைக் குடுக்கிற மாதிரி.

இனிப் பட்டத்துக்கு வருவம். நடுமூங்கிலுக்கு வலமும் இடமும் ஒரே மாதிரி இருக்க வேணும் எண்டு பட்டம் கட்டுற பிள்ளைக்கு ஆரும் வரைவிலக்கணம் சொல்லிக் குடுக்கிறதில்லை. காத்துச் சொல்லிக் குடுக்கும். ஒரு பக்கம் பாரம் கூடினால் பட்டம் அந்தப் பக்கம் சரியும், சுத்தும், பனையில போய்ச் சிக்கும். அதால, குறுக்கு மூங்கிலை விரலில வைச்சுத் தூக்கிப் பாப்பினம். தடிச்ச பக்கத்தைக் கத்தியால சீவுவினம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையுதா எண்டு பாப்பினம். முச்சை கட்டேக்க நூலை வலமும் இடமும் அளந்து பிடிப்பினம். பன்ரெண்டு வயசில இவ்வளவும் செய்யிற பெடியன் வகுப்பில 'கணக்கு வராத பிள்ளை' எண்டு பின்வாங்கில இருக்கிறான் எண்டால், குறை ஆரிட்ட?

பட்டம் பாடநூல்ப் படத்தை விட ஆழமான கேள்வியளையும் கேக்குது. வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் நீலத் தாள் ஒட்டின பட்டம் சமச்சீரா? கண்ணுக்கு இல்லை, காத்துக்கு ஓம். அப்ப 'எதைப் பொறுத்துச் சமச்சீர்?' எண்ட கேள்வி தானாக வருது. எட்டுமூலைப் பட்டத்தை எடுங்கோ. எட்டு மூலையும் ஒத்தபடி அமைஞ்சால் வெறும் உருவத்துக்கு எட்டு அச்சு. 45 பாகை திருப்பினாலும் அதே மாதிரித்தான் இருக்கும். கீழ வாலைக் கட்டினவுடன எட்டு அச்சில ஒண்டுதான் மிஞ்சும், திருப்புற கதையும் முடிஞ்சுது. தரம் 8 இல் வாற சுழற்சிச் சமச்சீருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எங்க இருக்கு?

விளையாட்டுச் சாமானை வைச்சுக் கணிதம் படிப்பிக்கிறதோ எண்டு முகம் சுளிக்கிறவைக்கு ஒரு செய்தி. சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோன்மணியும் ராணி சிரோன்மணியும், கமலா கிரிதிவாசனோட சேர்ந்து, முற்றத்தில போடுற கோலத்தை வைச்சு 1974இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிச்சினம். புள்ளி வைச்சு இழை இழுக்கிற அந்த ஒழுங்கு, கணினி அறிவியலில் பட இலக்கணம் எண்ட துறைக்குத் தீனி போட்டுது. ஆய்வாளருக்குக் கணிதமாகத் தெரிஞ்சது வகுப்பறைக்கு மட்டும் ஏன் பொழுதுபோக்காகத் தெரியுது?

இதில ஒரு எச்சரிக்கையும் இருக்கு. பெடியளுக்குப் பட்டம், பெட்டையளுக்குக் கோலம் எண்டு பிரிச்சுக் குடுத்தால் பழைய கதைதான் தொடரும். எங்கட ஊரில பட்டம் இன்னும் பெடியளின்ர விளையாட்டாகத்தான் கிடக்கு. மூங்கிலையும் கத்தியையும் பெட்டையளின்ர கையிலயும் குடுக்கக்கூடிய இடம் வகுப்பறைதான். அதே போல, புள்ளி பிசகாமல் கோலம் போட வெளிக்கிட்டால் எத்தினை பெடியள் திணறுவாங்கள் எண்டும் பாக்கலாம்.

எழுத்துகளும் இருக்கு. சமச்சீர் எண்டவுடன ஆங்கிலப் பெரிய எழுத்துகளை எடுத்துப் போடுறது எங்கட வழக்கம். தமிழ் எழுத்துகளைக் குடுத்துத் தேடச் சொல்லுங்கோ. பெரும்பாலானவை பொருந்தாது. 'ப' பொருந்தும். ஆய்த எழுத்தின்ர மூண்டு புள்ளியும் ஒண்டுக்கொண்டு சம தூரத்தில் இருந்தால் அதுக்கு எத்தினை அச்சு? பொருந்தாத எழுத்து ஏன் பொருந்தேல்லை எண்டு பிள்ளை விளக்கிச் சொன்னால் பாடம் விளங்கிவிட்டுது எண்டு அர்த்தம்.

"உதுக்கெல்லாம் நேரம் எங்க? பாடத்திட்டம் முடிக்க வேணும்" எண்டு ஆசிரியர்கள் சொல்லுறது எங்களுக்கு விளங்காமல் இல்லை. நாப்பது பிள்ளையளோட ஒரு பாடவேளையில தாள் மடிக்கிறதே பெரிய பாடு. ஆனால் இஞ்ச மிச்சம் பிடிக்கிற நேரத்தைப் பிறகு வட்டியோட கட்ட வேண்டி வரும். இருசமபக்க முக்கோணியின் அடிக்கோணங்கள் ஏன் சமம், வட்டத்தின் மையத்திலிருந்து நாணுக்கு வாற செங்குத்து ஏன் நாணைச் சரிபாதியாக்குது, எல்லாம் மடிச்சுப் பாத்தால் தெரியிற விசயங்கள். சாதாரண தரத்தில் இருபடிச் சார்பின் வரைபு கீறி, சமச்சீர் அச்சின் சமன்பாட்டை எழுதச் சொல்லிக் கேக்கினம். அட்டவணையில் விடுபட்ட பெறுமானத்தை, அச்சுக்கு மற்றப் பக்கத்தில அதே தூரத்தில இருக்கிற பெறுமானத்தைப் பாத்தே கண்டுபிடிக்கலாம். தரம் 7 இல் தாள் மடிச்ச பிள்ளைக்கு அது உடன தெரியும். பட்டியல் பாடமாக்கின பிள்ளை அங்கயும் இன்னொரு சூத்திரத்தைப் பாடமாக்கும்.

நாங்கள் கேக்கிறது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஜனவரியில் ரெண்டே ரெண்டு பாடவேளை. முதல் நாள் கொப்பித் தாளும் மடிப்பும். அடுத்த நாள் ஆளுக்கொரு சின்ன ஈர்க்குப் பட்டம், பிறகு மைதானம். பறக்காத பட்டத்தைக் கொண்டு வந்து, எந்தப் பக்கம் பிசகினது எண்டு பிள்ளையே சொல்லட்டும். அந்த விளக்கத்துக்குப் புள்ளி போடுங்கோ. கணக்கு வராது எண்டு முத்திரை குத்தின பிள்ளையளில எத்தினை பேருக்கு அது எப்பவோ வந்திட்டுது எண்டு அண்டைக்குத் தெரியும்.