பள்ளத்துக் குப்பையும் பீலித் தண்ணீரும்

தோட்டத்துக் குப்பை என்றதும் நாம் ஈ, நுளம்பு, டெங்கு பற்றித்தான் பேசுகிறோம். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றையும் தொழிற்சங்கம் பேசியாக வேண்டும்.

லயத்துக்குப் பின்னால் பள்ளத்தில் கிடக்கும் வயர்த் துண்டிலும் ரெக்சீனிலும் ஹோஸ் குழாயிலும் பிளாஸ்டிக்கை இளக்குவதற்காகத் தலேற்று என்ற இரசாயனம் சேர்க்கப்பட்டிருக்கும். மீன் டின்னின் உட்பூச்சிலும், கடையில் தரும் மெஷின் பில்லிலும் பிஸ்பினோல் ஏ இருக்கலாம். தலேற்று பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. மழை ஊற ஊறக் கசிந்து இறங்கும். ஜப்பானில் 1990களிலேயே குப்பைமேட்டுக் கசிவுநீரில் பிஸ்பினோல் ஏயைக் கண்டுபிடித்தார்கள்.

இவை உடம்புக்குள் போய் ஓமோனைப் போல நடிக்கும், அல்லது ஓமோனின் வேலையைத் தடுக்கும். ஓமோன் துளியளவில் வேலை செய்வது என்பதால் இவற்றுக்கும் அதிக அளவு தேவையில்லை. முதலில் அடிபடுவது ஓடையில் உள்ளவைதான். வாற்பேத்தை தவளையாவது தைரொயிட் ஓமோனால்தான்; பிஸ்பினோல் ஏ அதைக் குழப்புவதை ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். பிரித்தானிய ஆறுகளில் ஆண் மீன்களின் விந்தகத்துக்குள் முட்டைக் கலங்கள் இருந்தன. அங்கே காரணம் குப்பையல்ல, கழிவுநீர். கெடுக்கும் விதம் ஒன்றுதான். மனிதரில் அதிகம் அஞ்ச வேண்டியது வயிற்றில் வளரும் பிள்ளைக்கு. மலையில் கொழுந்தெடுக்கும் கர்ப்பிணிப் பெண்ணும் அந்தப் பள்ளத்துக்குக் கீழே உள்ள பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறாள்.

கொதிக்க வைத்துக் குடிக்கும்படி பாடசாலையில் நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். கிருமி சாகும், இந்த இரசாயனங்கள் கொதியில் போகாது. எரித்துவிடலாம் என்றால் அது இன்னும் மோசம். பீ.வீ.சீ. எரிந்தால் டயொக்சின் உண்டாகும். அதுவும் ஓமோனைக் குழப்பும் நஞ்சுதான். புல்லில் படிந்து, மாட்டின் கொழுப்பில் தங்கி, பாலில் வரும்.

தோட்டத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது என்ற பேச்சு எங்களுக்குப் பழகிப்போனது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருடம் குப்பை எடுக்க வராதவர்கள் எங்களுக்குச் சுத்தம் படிப்பிக்க வேண்டாம்! மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரலில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. எங்கள் பள்ளத்துக் குப்பை கசிகிறது, அதனால் செய்தியாவதில்லை.

பிரதேச சபை டிராக்டர் வாரம் ஒரு தடவையாவது டிவிசனுக்கு வர வேண்டும். நீரூற்றுக்கு மேலே உள்ள குப்பைக் கிடங்குகளை நிர்வாகம் மூட வேண்டும். மருந்தடித்த வெறும் கேன்களை நிர்வாகமே எண்ணித் திருப்பி எடுக்க வேண்டும். அவற்றில் யாரும் தண்ணீர் பிடிக்க வேண்டாம். தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, சபைக்கும் துரைக்கும் கொடுக்கும் கடிதத்தின் பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள்.