பாடம் போனில் வந்துவிடும். பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்!



நம்ம சுருளிப்பட்டியில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மா விடியும் முன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவார். அப்பா திராட்சைத் தோட்டத்தில். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளையின் கைக்கு அது ராத்திரிதான் வரும்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்தப் பதிவு.

சென்னை ஐஐடி இன்று 11, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கென்றே 8 வார இணையவழிச் சான்றிதழ் படிப்புகளை நடத்துகிறது. தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு, மின்னணுவியல் என்று கல்லூரிக்குப் போனால்தான் காதில் விழும் பாடங்கள் இப்போது வீடு தேடி வருகின்றன. மனதார வரவேற்கிறோம்.

ஆனால், பெயரைப் பதிந்துவிட்டால் போதுமா?

2012-இல் அமெரிக்காவின் எம்ஐடி, மின்சுற்றுப் பாடம் ஒன்றை உலகம் முழுமைக்கும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. சேர்ந்தவர்கள் சுமார் 1,55,000 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை!

அதே பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய 340 பேரில் ஒருவன், மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயது பள்ளி மாணவன் பட்டுஷிக். கெட்டிக்காரப் பையன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் தனியாகப் படிக்கவில்லை. எம்ஐடியில் படித்த தலைமையாசிரியர் அந்தப் பாடத்தைத் தன் பள்ளிக்கே கொண்டுவந்தார். செய்முறைக் கருவிகளோடு ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்து மாணவர்களோடு உட்கார்ந்தார்.

"ஆர்வம் இருந்தா புள்ள தானா படிச்சுக்கும்" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். திராட்சைக் கொடி எவ்வளவு வீரியமாக இருந்தாலும், பந்தல் போட்டு ஏற்றிவிட ஒரு கை வேண்டும். இது நம்ம பள்ளத்தாக்கு விவசாயிக்குத் தெரியாததா?

அதனால் நாம் கேட்பது இதுதான்:

✅ அரசு மேல்நிலைப் பள்ளிகளின் ஹைடெக் லேப், வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளி விட்ட பிறகும் திறந்திருக்க வேண்டும்.

✅ பாடத்தைத் தமிழில் விளக்க, சந்தேகம் தீர்க்க ஒரு வழிகாட்டி வேண்டும். அவருக்கு மதிப்பூதியமும் வேண்டும். ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டக் கூடாது.

✅ எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கையும் பள்ளிவாரியாக வெளியிட வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்கப் போவதில்லை. கிளைத் தோழர்களே, உங்கள் தெருவில் இன்ஜினியரிங், கணிதம் படித்த தம்பி தங்கைகள் இருப்பார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். வாரம் இரண்டு மணி நேரம் போதும்.

ஐஐடி பாடம் சுருளிப்பட்டி வரை வந்துவிட்டது. அதை நம் பிள்ளை கடைசி வாரம் வரை படித்து முடிக்க, கூட இருப்போம்!

#சுருளிப்பட்டி #அரசுப்பள்ளி #கூடஇருப்போம்